ஏரி தெரியும் வீடு

2025 ஜனவரியில் நாங்கள் எட்டுப் பேர் ஒக்லாந்திலிருந்து குயின்ஸ்டவுனுக்குப் போனோம். அப்பா, அம்மா, பெரிய மாமா, மாமி, அக்கா, அத்தான், அவர்களுடைய ஒன்பது வயது மகன், நான். விமானத்தில் இரண்டு மணித்தியாலம்கூட இல்லை. ஆனாலும் மாமி ஒரு பெட்டி நிறைய இடியப்ப மாவும் மிளகாய்த்தூளும் கட்டிக்கொண்டு வந்தார்.

பேருக்கு அது கோடை விடுமுறை. உண்மையில் மாமா எங்களை வீடு பார்க்கத்தான் கூட்டிப் போனார். நான்கு குடும்பம் காசு போட்டு ஏரி தெரிகிற மாதிரி ஒரு இரண்டு அறை அபார்ட்மெண்ட் வாங்குவது. வருசத்தில் இரண்டு கிழமை நாங்கள் தங்குவது. மிச்ச நாட்களுக்கு சுற்றுலாக்காரருக்கு நாள் வாடகைக்கு விடுவது. என்னுடைய பங்கு 60,000 டொலர். ஓம் என்று சொல்லிவிட்டுத்தான் நான் விமானம் ஏறினேன்.

வக்காட்டிப்பு ஏரியைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். மின்னல் வெட்டு மாதிரி இரண்டு இடத்தில் மடிந்து, ஏறக்குறைய 80 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. எதிரில் ‘ரிமார்க்கபிள்ஸ்’ மலைகள், 2,300 மீற்றர் வரை. படத்தில் வராதது வாகன வரிசை. விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் எட்டுக் கிலோமீட்டர் போக முக்கால் மணித்தியாலம் எடுத்தது. கார் நிறுத்த இடம் தேடி மூன்று சுற்றுச் சுற்றினோம்.

“நல்லூர்த் தேர் மாதிரியெல்லே கிடக்கு,” என்றார் மாமி.

“இவ்வளவு சனமும் ஏன்தான் இங்க வருதோ?” என்று நான் அலுத்துக்கொண்டேன்.

“நீ என்ன, இந்த ஊர்க்காரனோ?” என்றாள் அக்கா. காரில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி அந்தக் கிழமை முழுக்க என்னோடு இருந்தது.

அடுத்த நாள் காலை மருமகனும் நானும் கரையில் ஒரு சோதனை செய்தோம். இந்த ஏரிக்கு ஒரு மாவோரிக் கதை இருக்கிறது. மட்டாவு என்ற அரக்கன் மனாட்டா என்ற பெண்ணைத் தூக்கிக்கொண்டு போகிறான். அவளை விரும்பிய மட்டாக்கவுரி, அரக்கன் தூங்கும்போது அவனுக்குத் தீ வைக்கிறான். அவன் உடல் எரிந்து நிலத்தில் விட்ட பள்ளம்தான் ஏரி. இதயம் மட்டும் எரியவில்லை. அது இன்னும் துடிக்கிறது. ஏரி உண்மையிலேயே துடிக்கிறதுதான். ஒரு தொட்டித் தண்ணீரை ஆட்டிவிட்டால் அலை அங்குமிங்கும் போய்வருமே, அதே மாதிரி ஏரித் தண்ணீரும் ஆடுகிறது. குயின்ஸ்டவுன் கரையில் சுமார் 27 நிமிடத்துக்கு ஒருமுறை 10 சென்ரிமீற்றர் அளவு ஏறி இறங்கும். மருமகன் தண்ணீர் விளிம்பில் ஒரு கல்லை வைத்துவிட்டு என்னுடைய போனில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். கல் நனைந்தபோது அவன் போட்ட சத்தத்தில் பக்கத்தில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்று பின்னேரம் இடியப்பத்துக்குத் தேங்காய்ப்பால் வாங்க நானும் அப்பாவும் ஒரு சுப்பர்மார்க்கெட்டுக்குப் போனோம். காசு கட்டுமிடத்தில் நின்ற பெடியன் எங்களைப் பார்த்து, “அண்ணா, நீங்க தமிழா? சிலோனா?” என்று கேட்டான். திருச்சிப் பக்கம். பகலில் ஒரு ஹோட்டல் சமையலறை, பின்னேரம் இங்கே. எங்கே இருக்கிறாய் என்று அப்பா கேட்டார். வழக்கமாகத் தமிழர் தமிழரைக் கேட்கிற கேள்விதான்.

“இப்பத்திக்கு ஒரு ஃப்ரெண்டு ஹால்லதான் படுத்துக்கறேன் ஐயா. ஆறு பேரா ஒரு வீட்டுல இருந்தோம். சம்மர் வந்ததும் ஓனர் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. டூரிஸ்டுக்கு விட்டா ஒரு வாரத்துல எங்க ஒரு மாச வாடகை வந்துடுதாம்.” கோபமே இல்லாமல் சொன்னான். மிச்சக் காசைத் தந்துவிட்டு, “நீங்க எத்தனை நாள் ஐயா? எங்க தங்கியிருக்கீங்க?” என்று கேட்டான்.

நாங்கள் தங்கியிருந்தது அப்படி ஒரு வீட்டில்தான். அப்பா பதில் சொல்லவில்லை. நான்தான், “ஒரு கிழமை, ஒரு கிழமை,” என்று இரண்டு தரம் சொன்னேன்.

இந்த ஊருக்குச் சனம் அள்ளுப்பட்டு வருவது புதிதல்ல. 1862இல் பக்கத்து அரோ ஆற்றில் தங்கம் கிடைத்தபோது கொஞ்ச மாதத்திலேயே ஆயிரக்கணக்கானோர் வந்து குவிந்தார்கள். பிறகு சீனர்களும் வந்தார்கள். அவர்கள் இருந்த குடிசைகளை அரோடவுனில் இன்றும் பார்க்கலாம், நாங்களும் பார்த்தோம். நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். “சனம் கூடிப்போச்சு” என்ற பேச்சு அப்போது அவர்கள் மேல்தான் திரும்பியது. 1881இல் நாட்டுக்குள் வரும் ஒவ்வொரு சீனருக்கும் 10 பவுண் தலைவரி போட்டார்கள். 1896இல் அதை 100 ஆக்கினார்கள். அரசாங்கம் அதற்கு மன்னிப்புக் கேட்டது 2002இல்தான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், “சனம் கூடிப்போச்சு” என்ற வசனத்தை நீங்களும் பள்ளிக்கூடத்திலோ பஸ்ஸிலோ கேட்டிருப்பீர்கள். அது எப்போது உங்களைப் பற்றியதாக மாறும் என்று உங்களுக்குத் தெரியும். காரில் அதே வசனத்தை நானே சொன்னேன். அதனால், கூடிப்போனது என்ன என்று சரியாகப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

குயின்ஸ்டவுன், வானாக்கா எல்லாம் சேர்ந்த மாவட்டத்தில் 2013 கணக்கெடுப்பில் 28 ஆயிரம் பேர் இருந்தார்கள். 2023இல் 47 ஆயிரத்துக்கு மேல். இது வசிக்கிறவர்கள் மட்டும். எங்களைப் போல வந்துபோகிறவர்கள் இதில் இல்லை. நான் கணினித் துறையில் வேலை செய்கிறேன். பாவிப்பவர்கள் கூடினால் சர்வர் விழுந்துவிடும் என்று முன்கூட்டியே கணக்குப் பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. ஊருக்கும் அதே கணக்குத்தான், ஆனால் விழுவது குழாயும் வீடும். 2023 செப்டம்பரில் குயின்ஸ்டவுனில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமியால் ஆட்களுக்கு வயிற்றோட்டம் வந்தது. குளோரினுக்கு அது சாகாது. ஏரியிலிருந்து தண்ணீர் எடுத்த நிலையத்தில் அதைத் தடுக்கும் புறஊதாக் கதிர்க் கருவி அப்போது இல்லை. அவ்வளவு தெளிந்த ஏரியின் கரையில் இருந்தவர்கள் மாதக்கணக்கில் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடித்தார்கள்.

நாலாம் நாள் வீடு பார்க்கப் போனோம். நல்ல வீடு. பால்கனியில் நின்றால் ஏரி அப்படியே நீலமாகத் தெரிந்தது. வீட்டு முகவர், “இப்ப இருப்பவர்கள் போய்விடுவார்கள், அடுத்த கோடைக்கு உங்களுக்குக் காலியாகக் கிடைக்கும்,” என்று நல்ல செய்தி மாதிரிச் சொன்னார். உள்ளே ஒரு அறையில் மூன்று மெத்தைகள் சுவரோடு சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் யார் எந்த நாள் கூட்டுவது என்று ஒரு பட்டியல், ஆறு பெயர்.

திரும்பி வரும்போது அப்பா திடீரென்று கதைத்தார். “கொக்குவில் வீடும் இப்பிடித்தானே கிடக்கு.”

அது அப்பாவின் பிறந்த வீடு. 2017இல் காசு அனுப்பி, மாபிள் போட்டு, புதிதாக வர்ணம் அடித்து, பூட்டிவைத்திருக்கிறோம். நாங்கள் போனது ஒரே ஒருதரம், பத்து நாள். அத்தைதான் கூட்டித் துடைக்கிறார். ஊருக்கு மாற்றலாகி வரும் ஆசிரியர்கள் வாடகைக்கு வீடு கேட்டு வருகிறார்கள், குடுக்கட்டோ என்று அத்தை ஒவ்வொரு முறையும் கேட்பார். சுவரில் ஆணி அடித்துவிடுவார்கள் என்று அப்பா மறுத்துவிடுவார். அந்த ஒழுங்கையில் இப்படிப் பூட்டிய வீடுகள் வேறும் உண்டு. வெளிநாட்டுக்காரர் விலையை ஏத்திப்போட்டினம், இனி ஊர்ச் சனம் காணி வாங்கேலாது என்று அத்தை சொன்னபோது, அது எங்களைப் பற்றியது என்று எனக்கு அன்று விளங்கவில்லை.

அன்றிரவு மாமாவிடம், நான் பங்கு போடவில்லை என்று சொன்னேன். மாமா கோபப்படவில்லை.

“தம்பி, நீ வாங்காட்டி அந்தப் பெடியனுக்கு வீடு கிடைச்சிடுமோ? வேற ஒருத்தன் வாங்குவான்.”

“ஓம் மாமா. வாங்குவான்.”

“பிறகென்ன?”

எனக்கு அதற்கு நல்ல பதில் அன்றும் இருக்கவில்லை, இன்றும் இல்லை. மாமா வேறு மூன்று பேரோடு சேர்ந்து அந்த வீட்டை வாங்கிவிட்டார். மாமா கெட்ட மனிதர் அல்ல. 1989இல் ஒரு பையோடு ஒக்லாந்துக்கு வந்து, மூன்று பேரோடு ஒரே அறையில் படுத்து, இரவு வேலை செய்து எங்களை எல்லாம் கூப்பிட்டவர். அந்த மெத்தைகளைப் பார்த்து அவருக்கு என்ன தோன்றியது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

நாங்கள் திரும்பி இரண்டு மாதத்தில், 2025 மார்ச் கடைசியில், ஒரு செய்தி வந்தது. குயின்ஸ்டவுனின் சுத்திகரித்த கழிவுநீரை நிலத்துக்குள் ஊறவிடும் இடம் சரியாக வேலை செய்யவில்லை. தண்ணீர் தேங்கி, பறவைகள் கூடி, பக்கத்து விமான நிலையத்துக்கும் ஆபத்து என்று சொல்லி, மாவட்ட சபை அவசரகால அதிகாரத்தின் கீழ் அதை நேரே ஷொட்டோவர் ஆற்றில் விடத் தொடங்கியது. அந்த ஆறு ஏரிக்குள் போவதில்லை. ஏரியிலிருந்து வெளியேறும் கவாராவு ஆற்றோடு சேர்ந்து கீழே போகிறது. மருமகனுக்கு வாசித்துக் காட்டினேன். “நாங்க போனதும் அதில இருக்கா?” என்று கேட்டான். எட்டுப் பேர், ஏழு நாள். இருக்கிறதுதான்.

ஏரிக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவரவில்லை. போங்கள். கல்லை வைத்து இதயத் துடிப்பைப் பாருங்கள். ஆனால் தங்க இடம் பதிவு செய்யும்போது, அது ஹோட்டலா, கூடாரம் போடும் இடமா, இல்லை யாரோ இருந்த வீடா என்று ஒருதரம் பாருங்கள். நாங்கள் அடுத்த முறை கூடாரத்தோடு போகிறோம். மாமி இப்போதே, அங்கே இடியப்பம் அவிக்க வசதி இருக்குமா என்று கேட்கத் தொடங்கிவிட்டார்.

கொக்குவில் வீட்டில் இப்போது ஒரு ரீச்சரும் அவருடைய இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். அப்பா தானே அத்தைக்கு எடுத்துச் சொன்னார். சுவரில் ஆணி அடித்திருக்கிறார்களாம். ஒரு சாமிப் படம், ஒரு மணிக்கூடு.