ஐந்தாமவரின் ஆயத்தம்

அரபு இலக்கணமும் தமிழ் இலக்கணமும் போதித்தே ஐம்பது வயதைக் கடந்துவிட்ட நமக்குக் கூடைப்பந்தாட்டத்தில் என்ன அலுவல் என்று வாசக அன்பர்கள் வினவக்கூடும். அவ்வாட்டத்தில் பேரீடுபாடு கொண்ட நம் மாணவர் சிலர் காட்டிய பழைய படப்பதிவொன்று நம்மைப் பல நாள் சிந்திக்க வைத்தது.

1997ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள், சிகாகோ நகரில் என்.பி.ஏ. இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம். சிகாகோ புல்ஸ், யூட்டா ஜாஸ் ஆகிய இரு அணிகளும் 86 புள்ளிகளுடன் சமமாக நின்றன. எஞ்சியவை 28 வினாடிகளே. பந்து சிகாகோ அணியினுடையது. ஆட்டம் நிறுத்தப்பட்டு, பயிற்சியாளர் ஃபில் ஜாக்சனைச் சூழ்ந்து அணியினர் கூடினர். அன்று 39 புள்ளிகள் ஈட்டியிருந்த மைக்கேல் ஜோர்டனே இறுதி எறிதலையும் எறிவார் என்பதே அரங்கினரின் எண்ணம். ஜோர்டனோ, அருகிருந்த ஸ்டீவ் கெர்ரிடம், எதிரணியின் ஜான் ஸ்டாக்டன் தம்மை மறிக்க வருவார் என்று சொல்லி, அவரை ஆயத்தமாக இருக்கச் செய்தார். அவ்வண்ணமே ஸ்டாக்டன் கெர்ரை விட்டு ஜோர்டனை நோக்கி வந்தார். பந்து கெர்ரிடம் சென்றது. 5 வினாடிகள் எஞ்சியிருக்கையில் அது வளையத்துள் விழுந்தது. ஆட்டம் 90–86 என முடிந்தது.

இதில் நாம் கண்டது ஓர் இலக்கண நுட்பமாகும். இறுதி வினாடிகளுக்கான திட்டம் கட்டளை வாக்கியமாக இருத்தல் ஆகாது. நிபந்தனை வாக்கியமாகவே இருத்தல் வேண்டும். தடுப்பவர் பின்தங்கினால் எறிக. இருவர் சூழ்ந்தால், தனித்து விடப்பட்டவருக்குத் தருக. அவரையும் ஒருவர் ஓடிவந்து மறித்தால், மூலையில் நிற்பவருக்குத் தருக. இத்தகைய வாக்கியத்தின் இரு கூறுகளை அரபு இலக்கணத்தார் ஷர்த்து என்றும் ஜவாபு என்றும் வழங்குவர். ஷர்த்து எதிரியின் கையில் உள்ளது. ஜவாபு நம் கையில் இருந்தாக வேண்டும். ஒருவரை இருவர் மறித்தால் ஏனைய நால்வருக்கு மூவரே காவல் என்னும் எளிய கணக்கே இதன் அடிப்படை.

காலமும் இதில் அடங்கும். புள்ளிகள் சமமாயின், எதிரணிக்கு நேரம் மிஞ்சாதவாறு தாமதித்துத் தொடங்குவர். பின்தங்கியிருப்பின், தவறிய பந்தை மீட்டு மறுபடி எறிய அவகாசம் வேண்டி முன்னதாகவே தொடங்குவர். வழிகள் இரண்டு மூன்றுக்கு மேற்பட்டால், களைத்த உள்ளம் அவற்றைத் தாங்காது.

1993ஆம் ஆண்டு இறுதித் தொடரிலும் இதுவே நிகழ்ந்தது. ஃபீனிக்ஸ் அணிக்கு எதிராக இரு புள்ளிகள் பின்தங்கியிருந்த சிகாகோ அணியில், ஜோர்டனிடமிருந்து பிப்பனுக்கும், பிப்பனிடமிருந்து கிராண்டுக்கும், அவரிடமிருந்து பாக்ஸனுக்கும் பந்து சென்றது. பாக்ஸன் எறிந்த மூன்று புள்ளி எறிதலால் 99–98 என வெற்றி கிட்டியது.

இருமுறையும் தனித்து விடப்பட்டவர், எதிரி குறைவாக அஞ்சியவரே என்பதை நோக்குக. எல்லாப் பயிற்சியிலும் பந்தை ஒருவருக்கே தந்து பழகிய அணி, கடைசி வினாடியில் ஐந்தாமவரின் பெயரைத் திட்டத்தில் எழுதி என்ன பயன்? அவர் கை அன்றைக்கு எப்படி நடுங்காதிருக்கும்? விழா மேடைக்கு ஒரே மாணவனை ஆயத்தம் செய்யும் வழக்கத்தை நாம் எங்கும் காண்கிறோம். அவனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டால், பின்வரிசையில் எழுந்து நிற்க எவர் உளர்?