மேகம் மூடிய இரவுகளில் ஒரு பழைய லினக்ஸ்

திங்கள், ஐப்பசி

மாலை நான்கு மணிக்குப் பிடித்த மழை விடவில்லை. ஆலங்காயத்திலிருந்து ஏறும் சாலையில் மூடுபனி. குவிமாடங்கள் எல்லாம் மூடியே கிடக்கின்றன. வடகிழக்குப் பருவமழை முடியும்வரை காவலூர் வானாய்வகத்தில் இப்படித்தான். தை பிறந்தால்தான் வானம் நம்முடையது.

அதனால் வெகுநாளாகத் தள்ளிப்போட்ட வேலையைக் கையில் எடுத்தேன். இங்குள்ள ஒரு மீட்டர் தொலைநோக்கியில் முன்பு எடுத்த டி கொரோனே பொரியாலிஸ் நிறமாலைகள் என்னிடம் இருக்கின்றன. 1866இலும் 1946இலும் வெடித்த நோவா அது. ஒரு செம்பூத விண்மீனும் ஒரு வெண்குறுமீனும் 227 நாளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றிவரும் இரட்டை. மறுபடி எப்போது வெடிக்கும் என்று உலகமே பார்த்துக்கொண்டிருக்கிறது. 2015 வாக்கில் அது வழக்கத்தைவிடப் பிரகாசமாகி, 2023இல் மங்கியது. இந்த மாற்றத்தின் பொருள் தெரிய வேண்டுமானால் அதற்கு முந்தைய அமைதிக் காலத்தில் அது எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும். பழைய தரவின் மதிப்பு அங்கேதான்.

கோப்புகள் ஃபிட்ஸ் வடிவத்தில் உள்ளன. 1981இல் வகுத்த வடிவம் அது. முன்பு எழுதிய கோப்பு எதுவும் பின்னாளில் செல்லாததாகிவிடக் கூடாது என்பதை வானியலாளர்கள் விதியாகவே வைத்திருக்கிறார்கள். இன்றைய கணினியிலும் சிக்கலின்றித் திறந்தன. சிக்கல் வேறிடத்தில்.

செவ்வாய்

செம்பூதத்தின் நிறமாலையில் டைட்டானியம் ஆக்சைடு பட்டைகள் மேடும் பள்ளமுமாக நிற்கும். அவற்றின் நடுவே 6563 ஆங்ஸ்ட்ராமில் எச்-ஆல்ஃபா கோட்டின் வலிமையை அளக்க வேண்டும். அடித்தள ஒளியை எந்த உயரத்தில் வரைகிறோமோ அதைப் பொறுத்து விடை மாறும். இந்தத் தரவை முதலில் அளந்தபோது அந்த அடித்தளத்தை வரைய ஒருவர் சிறு துணைநிரல் எழுதியிருக்கிறார். ஐராஃப் என்ற வானியல் மென்பொருளுக்குள் ஓடுவது. மூலநிரல் கிடைக்கவில்லை. எஞ்சியது 32 பிட் லினக்ஸுக்காகத் தொகுத்த வடிவம் மட்டும். என் மடிக்கணினியில் இருப்பது 64 பிட் உலகம். பழைய நூலகங்கள் எதுவும் அதில் இல்லை.

ஐராஃப் மட்டும் போதுமென்றால் கவலையே இல்லை. அமெரிக்காவின் டூசான் நகரத்தில் 1980களின் தொடக்கத்தில் எழுத ஆரம்பித்த அந்த மென்பொருளை எழுதியவர்கள் 2013இல் கைவிட்டாலும், பயன்படுத்துபவர்களே கூடிப் பராமரிக்கிறார்கள். ஆனால் எனக்கு வேண்டியது அன்றைய எண்கள் பிறந்த அதே வழி. நேற்றைய அளவுக்கும் இன்றைய அளவுக்கும் வித்தியாசம் வந்தால், மாறியது விண்மீனா மென்பொருளா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

மின்னணுப் பிரிவு அண்ணனிடம் சொன்னேன். "ஏம்மா, அந்தக் காலத்துப் பொட்டி ஒண்ணு ஸ்டோர்ல கெடக்கு. அதையே தூக்கிட்டு வந்து ஓட்டிப் பாக்கலாமே?" என்றார். இருவரும் போய்த் திறந்து பார்த்தோம். மதர்போர்டில் கெப்பாசிட்டர்கள் உப்பி நின்றன. "இதுக்கு கரண்ட் குடுக்க வேணாம்மா," என்று அவரே மூடிவிட்டார்.

புதன்

பழைய பெட்டி உதவாது என்றானதும், கணினிக்குள் கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளில் ஒரு மெய்நிகர் கணினி உருவாக்கினேன். உள்ளே ரெட் ஹேட் லினக்ஸ் 9. 2003இல் வந்தது, கர்னல் 2.4. ஆதரவு 2004 ஏப்ரலோடு முடிந்தது. விர்ச்சுவல்பாக்ஸின் பட்டியலில் 'லினக்ஸ் 2.4, 32 பிட்' என்றே ஒரு தேர்வு இருப்பதைப் பார்த்ததும் மனம் குளிர்ந்தது. நம்மைப் போன்றவர்களை நினைத்து யாரோ அதை விட்டுவைத்திருக்கிறார்கள்.

நினைவகம் 512 எம்.பி. போதும். அன்று அதுவே பெருஞ்செல்வம். வட்டை மட்டும் ஐடிஇ கட்டுப்பாட்டில் வைத்தேன். அந்தக் காலத்து நிறுவல் வட்டுக்கு நன்றாகப் பழக்கமானது அதுதான். வலையமைப்பை அறவே துண்டித்தேன். இருபது ஆண்டுகளாகப் பாதுகாப்புத் திருத்தம் காணாத இயங்குதளத்தை இணையத்தில் விடுவது வாசற்கதவைக் கழற்றி வைப்பதற்குச் சமம்.

மெய்நிகர் கணினியின் அடிப்படை நெடுங்காலமாகவே உள்ளது. ஒரே பெருங்கணினிக்குள் பல கணினிகளை ஓட்டும் விஎம்/370ஐ ஐபிஎம் 1972இல் அறிவித்தது. அதே ஆண்டுதான் காவலூரில் ஒரு மீட்டர் ஸைஸ் தொலைநோக்கி வேலைக்கு வந்தது. மேசைக் கணினிக்கு மெய்நிகர் கணினி வசதி வர 1999வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்டெல் சில்லுகளே இதற்குத் துணை செய்யத் தொடங்கியது 2005இல்.

எனக்கு இதில் முக்கியமானது ஒன்று. மெய்நிகர் கணினியில் நிரலின் கட்டளைகளை நிஜமான சில்லுதான் நிறைவேற்றுகிறது. 32 பிட் நிரல்கள் பெரும்பாலும் பழைய எக்ஸ்87 அலகில் 80 பிட் நுணுக்கத்தோடு கணக்கிட்டன. 64 பிட் நிரல்கள் வேறு அலகைப் பயன்படுத்துகின்றன. கடைசி இலக்கங்கள் மாற அதுவே போதும். பழைய அலகு இன்றைய சில்லுக்குள்ளும் இருக்கிறது, பழைய நிரல் அதையே தேடிப் போகிறது.

வெள்ளி

தரவை உள்ளே அனுப்புவதுதான் உண்மையான வேலை. வலையமைப்பைத் திறந்து எஸ்எஸ்எச் வழியாக அனுப்பலாம் என்றால், அன்றைய மறையாக்க முறைகளை இன்றைய எஸ்எஸ்எச் ஏற்பதில்லை. அதற்காகப் புதியதைத் தளர்த்த எனக்கு விருப்பமில்லை. ஃபிட்ஸ் கோப்புகளை ஒரு ஐஎஸ்ஓவாக்கி, மெய்நிகர் சிடியாக மாட்டினேன். நீண்ட கோப்புப் பெயர்கள் வெட்டுப்படாமலிருக்க ராக் ரிட்ஜ் நீட்டிப்பைச் சேர்க்க வேண்டும். சிடி என்பதால் உள்ளிருக்கும் நிரல் எதுவும் மூலத்தின்மேல் எழுத முடியாது. இனி யார் கேட்டாலும் இந்த வழியைத்தான் சொல்வேன். விடைகளை வெளியே எடுக்கத் தனியாக இன்னொரு மெய்நிகர் வட்டு. அணைத்தபின் வெளிக்கணினி அதைப் படித்துக்கொள்கிறது.

எல்லாம் அமைந்ததும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்தேன். எத்தனை முறை குலைத்தாலும் இந்த நிலைக்கே திரும்பலாம். பழைய பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்திருந்தாலும் இந்தச் சுதந்திரம் கிடைத்திராது.

சனி

ஐராஃப் திரை கறுப்பாகத் திறந்து, கோடு எழும்பியது. துணைநிரல் ஓடியது. அன்றைய குறிப்பேட்டின் நகலில் எழுதியிருந்த எண்ணும் இங்கே வந்த எண்ணும் கடைசி இலக்கம்வரை ஒன்று. அதே கோப்பை இன்றைய முறையில் அளந்தால் குறைவாக வருகிறது. புதிய முறை டைட்டானியம் ஆக்சைடு மேட்டைத் தொட்டு அடித்தளத்தைச் சற்று உயர்த்தி வரைகிறது. இதைக் கவனிக்காமல் இருந்திருந்தால் விண்மீனின் எச்-ஆல்ஃபா கோடு வலுவிழந்தது என்று எழுதியிருப்பேன்.

கொடைக்கானலில் 1904 முதல் சூரியனைப் பதிந்த தகடுகள் இருக்கின்றன. வெளிச்சத்தில் பிடித்தால் இன்றும் யாரும் பார்க்கலாம். நம் எண்கள் அப்படியல்ல. அவை பிறந்த நிரலும் அந்த நிரல் ஓடிய இயங்குதளமும் கூடவே இருந்தால்தான் அவற்றைச் சோதிக்க முடியும். 1980களில் இங்கே வாக்ஸ் கணினியில் ஓடிய நிரல்களை நினைக்கும்போது மனம் பதைக்கிறது. அவற்றுக்கு விர்ச்சுவல்பாக்ஸ் போதாது; சில்லையே மென்பொருளால் போலச்செய்யும் சிம்ஹெச் வேண்டும்.

ஞாயிறு

மெய்நிகர் கணினியை ஓவிஏவாக ஒரு படி, அதன் வட்டை எந்த மென்பொருளும் படிக்கக்கூடிய வெறும் வட்டுப்படமாக இன்னொரு படி எடுத்தேன், ஏனென்றால் விர்ச்சுவல்பாக்ஸுக்கும் ஒருநாள் வயதாகும். தட்டிய கட்டளைகளை வரிசை மாறாமல் எளிய உரைக்கோப்பில் எழுதி, சரிபார்ப்பு எண்களோடு தரவின் பக்கத்திலேயே வைத்துவிட்டேன். அடுத்து வருபவருக்கு முதலில் அந்த உரைக்கோப்பைத்தான் கொடுக்க வேண்டும்.