ஆரூடம்

நாவலில் யார் ஜெயிக்க வேண்டும் என்று தீர்மானிப்பவன் நான். அந்தத் திமிரில்தான், 1991 மார்ச் 30-ந் தேதி, அமெரிக்காவில் மகள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டியின் அரையிறுதி ஆட்டங்களுக்கு ஆரூடம் சொன்னேன்.

இண்டியானாபொலிஸில் ஆட்டம். முதலாவது, கான்ஸஸுக்கும் வட கரோலினாவுக்கும். கான்ஸஸின் பயிற்சியாளர் ராய் வில்லியம்ஸ், எதிரணியின் டீன் ஸ்மித்திடம் பத்து வருஷம் உதவியாளராக இருந்தவர். "குருதான் ஜெயிப்பார்" என்றேன். சிஷ்யர் 79–73 என்று ஜெயித்துவிட்டார். அதோடு நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

அடுத்தது லாஸ் வேகாஸ் பல்கலைக்கழகமும் டியூக்கும். லாஸ் வேகாஸ் தொடர்ந்து 45 ஆட்டங்களில் ஜெயித்திருந்தது. போன வருஷ இறுதி ஆட்டத்தில் இதே டியூக்கை 103–73 என்று துவைத்து எடுத்திருந்தது. என் ஏழு வயதுப் பேரனோ டியூக் கட்சி!

"முப்பது புள்ளி வித்தியாசம்டா! கண் விழித்து அழப் போகிறாயா? போய்த் தூங்கு" என்றேன். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டான்.

கடைசி நிமிஷத்தில் 77–77. லேட்னர் என்ற நெட்டைப் பையன் நிதானமாக இரண்டு தண்டனை எறிகளையும் கூடையில் போட்டான். டியூக் 79, லாஸ் வேகாஸ் 77. மாப்பிள்ளை மரியாதைக்காக என் பக்கம் திரும்பவில்லை.

காலையில் பேரனிடம் நானே சொன்னேன். அவன் குதிக்கவில்லை.

"நீ பார்த்தியா, தாத்தா?" என்று மட்டும் கேட்டான்.