புகைக்கு ஒரு சொல்

மதுவைப் பற்றி நான் எழுதுவதைக் கண்டு, என்னை அறிந்தவர்கள் வியப்படையக்கூடும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் 'கள்ளுண்ணாமை' அதிகாரத்தை வகுப்பறையில் விளக்கியவன் நான். அதில் நான் காட்டிய அழுத்தத்திற்குக் குறள் மட்டும் காரணமன்று. துறைமுகத்தில் மூட்டை சுமந்த என் தந்தையார், சிராங்கூன் சாலைப் பக்கம் அன்றிருந்த கள்ளுக்கடையிலிருந்து திரும்பிய மாலைகளே என் இளமையின் இருண்ட பகுதி. அவர் மருத்துவமனையில் உயிர்நீத்த நாளில், ஒருபோதும் குடியைத் தொடுவதில்லை என்று தாயாருக்கு வாக்களித்தேன். அப்போது எனக்கு வயது 13.

அண்மையில் என் பழைய மாணவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். நகரின் பெரிய விடுதியொன்றில் மது வகைகளை விளக்கிப் பரிமாறும் பணி அவருக்கு. "ஐயா, குடிக்க அழைக்கவில்லை. முகர்ந்து பார்த்து எனக்குச் சொற்கள் தரவேண்டும். ஆங்கிலத்தில் இருபது சொல் வருகிறது, தமிழில் 'புகை நாற்றம்' என்பதோடு நின்றுவிடுகிறேன்" என்றார்.

ஏழை குடித்தால் இழிவு, செல்வர் குடித்தால் கலையோ என்னும் கசப்பு என்னுள் எழுந்தது. ஆயினும், சொல் கேட்டு வந்த மாணவரைத் திருப்பியனுப்ப எந்த ஆசிரியருக்கு மனம் வரும்? "நாற்றம் என்பதற்குப் பண்டைத் தமிழில் நறுமணம் என்றே பொருள், தம்பி" என்று தொடங்கி, அவருடைய அடுக்குமாடி வீட்டிற்குச் சென்றேன்.

மேசைமேல் மூன்று கண்ணாடிக் கிண்ணங்கள் இருந்தன. இரண்டில் ஸ்காட்லாந்தின் ஐலாத் தீவு விஸ்கி. ஒன்றில் பெங்களூரில் வடித்தது. ஐலாவின் சதுப்பு நிலத்தில் பாசியும் செடிகளும் பல்லாயிரம் ஆண்டுகளாக அரைகுறையாய் மட்கி, 'பீட்' என்னும் மண்ணாகக் கிடக்கின்றன. அதை வெட்டி உலர்த்தி எரித்து, முளைவிட்ட வாற்கோதுமையை அப்புகையில் காய்ச்சுகிறார்கள். புகையிலுள்ள பீனால் வகைப் பொருள்கள் தானியத்தில் படிகின்றன. வடித்து, மரப்பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் வைத்த பின்னும் அம்மணம் போவதில்லை.

முதற்கிண்ணம் 16 ஆண்டு முதிர்ந்த லகாவுலின். விறகடுப்பு அணைந்த பின்னும் சமையற்கட்டில் தங்கும் புகை. அதனடியில் உலர்திராட்சையின் இனிமை. மாணவர் சிறிது சுவைத்து, "கடலோரத்து உப்பு" என்றார். "கருவாடு என்று எழுதுங்கள்" என்றேன். சிரித்தபடி எழுதிக்கொண்டார்.

அடுத்தது அம்ருத் ஃப்யூஷன். இந்திய வாற்கோதுமையோடு, ஸ்காட்லாந்தில் புகையூட்டியதும் சேர்ந்தது. அங்கே பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு ஆவியாகும். பெங்களூரின் வெப்பத்தில் 10 விழுக்காட்டிற்கும் மேல் ஆவியாகும். ஆகவே விரைந்து முதிர்கிறது. முன்னே வெல்லப்பாகு; பின்னே, வீரமாகாளியம்மன் கோயில் வாயிலைக் கடக்கையில் வரும் மெல்லிய சாம்பிராணி.

மூன்றாவது, 10 ஆண்டு முதிர்ந்த லஃப்ரோய்க். முகர்ந்தவுடன் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன். கழுவிவிட்ட மருத்துவமனைத் தரை, இரும்புக் கட்டில், தந்தையார்.

"மருத்துவமனை" என்றேன். வேறு சொல் வரவில்லை.

"ஆங்கில நூல்களிலும் அப்படியே எழுதுகிறார்கள், ஐயா. விரும்புவோர் அதைப் புகழ்ச்சியாகவே சொல்வார்கள்" என்றார் அவர். தரை கழுவப் பயன்பட்ட கார்பாலிக் நீர் என்பதும் பீனாலே என்று அவர் விளக்கியபோது, அறுபது ஆண்டுகளாய் என்னைத் துரத்திய மணத்திற்குப் பெயர் கிடைத்தது.

கள், நறவு, தேறல், மட்டு, தோப்பி என்று மதுவை வகைபிரித்துப் பெயரிட்டதும் தமிழ். அதைக் கடிந்து பத்துக் குறள் தந்ததும் தமிழ். நானோ இரண்டாவதை மட்டுமே கற்பித்தேன். தந்தையார் குடித்த கள் எப்படி மணந்தது, மூட்டை இறக்கிய தோளுக்கு அது எதைத் தந்தது என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

தாயாருக்குத் தந்த வாக்கு அன்றும் பிழைக்கவில்லை. தந்தையாரை மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லமாட்டேன். அறியாமல் வெறுத்து வந்ததை, இனி அறிந்து விலக்குவேன், அவ்வளவே.