பபூன் மட்டும்

ஜனங்களுக்கு ஒருவனைப் பிடித்துவிட்டால், அவனையே இன்னும் இரண்டு கரண்டி பரிமாறினால் என்ன என்று வியாபாரிகளுக்குத் தோன்றுவது சகஜந்தான். அமெரிக்காவில் 'பிரெண்ட்ஸ்' என்ற டெலிவிஷன் ஹாஸ்யத் தொடர் பத்து வருஷம் ஓடி, 2004 மே 6-ஆம் தேதி முடிந்தது. மொத்தம் 236 பகுதிகள். கடைசிப் பகுதியை அந்த நாட்டில் மட்டும் ஐந்து கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். ஆறு சிநேகிதர்களின் கதை அது. அந்த ஆறில் ஜோயி என்ற அசட்டு நடிகனை மட்டும் தனியே பிரித்து, நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்கு ரயிலேற்றாத குறையாக அனுப்பி, 'ஜோயி' என்றே பெயரும் வைத்து, அதே வருஷம் செப்டம்பரில் அதே என்.பி.ஸி. நிறுவனம் புதுக் கடை திறந்தது. அதே வியாழக்கிழமை இரவுதான். 46 பகுதிகள் எடுத்தார்கள். 38-தான் அங்கே ஒளிபரப்பாயின. 2006 மார்ச்சில் கடையைக் கட்டிவிட்டார்கள்.

இத்தனைக்கும் மாட் லெபிளாங்க் என்ற அந்த நடிகர் மாறவில்லை. அதே முகம், அதே விழிப்பு, சாப்பாட்டைக் கண்டால் உலகத்தை மறந்துபோகிற அதே சுபாவம். பின்னே என்ன குறைந்தது?

இதற்கு எனக்கு விடை கிடைத்த இடம் கடமலைக்குண்டு. வருஷநாட்டுக்குப் போகிற வழியில், மலைகளுக்கு நடுவே இருக்கிற ஊர். அந்தப் பக்கத்துத் திருவிழாக்களில் 'வள்ளி திருமணம்' போடுவார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் வழியில் வந்த ஸ்பெஷல் நாடகம். இரவு பத்து மணிக்கு ஆர்மோனியம் ஆரம்பிக்கும். முதலில் வருகிறவர் பபூன். மிருதங்கக்காரரை வம்புக்கு இழுப்பார், முன்வரிசைப் பெரிய மனிதர்களையும் விடமாட்டார். பிறகு டான்ஸ்காரி வந்ததும் இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை. நடுச்சாமத்துக்கு மேல்தான் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் வந்து விடிய விடியத் தர்க்கம் செய்வார்கள். வள்ளி மேடைக்கு வரும்போது இளவட்டங்களில் பாதிப் பேர் தூங்கிப் போயிருப்பார்கள்.

ஒரு வருஷம் அந்த இளவட்டங்களுக்கு ஒரு யோசனை பிறந்தது. "முருகனும் வள்ளியும் எதுக்கு? பபூனும் டான்ஸும் மட்டும் போதும். செலவும் மிச்சம்." அப்படியே ஏற்பாடு செய்தார்கள். முதல் ஒரு மணி நேரம் கூட்டம் உருண்டு சிரித்தது. இரண்டாவது மணியில் பெண்கள் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்கள். பெரியவர்கள் துண்டை உதறினார்கள். பபூன் நல்ல கலைஞர். வேர்த்து விறுவிறுத்துச் சொன்ன துணுக்கையே மறுபடி சொன்னார். அவர் அடிக்கடி திரைப் பக்கம் திரும்பிப் பார்த்ததைக் கவனித்தேன். பழக்கதோஷம்.

விடியற்காலம் டீக்கடையில் அவரே பேச்செடுத்தார். "முருகன் வருவாருன்னு உக்காந்திருக்கிற சனத்தச் சிரிக்க வச்சிரலாம், ஐயா. இனிமே வர ஆளே இல்லேன்னு தெரிஞ்ச சனத்த என்ன செய்ய?"

ஜோயியின் கதையும் இதுவே. ராஸ், ராச்செல் காதல் என்ன ஆகுமோ என்று ஜனங்கள் காத்திருந்த வேளைகளில், நடுவே புகுந்து சிரிக்க வைத்துவிட்டுப் போகிறவன் அவன். லாஸ் ஏஞ்சல்ஸில் அவனுக்கு ஓர் அக்காவையும் அக்காள் மகனையும் கொடுத்தார்கள். பையன் மகா புத்திசாலி. ஆனால் பெண்களிடம் பழகும் வித்தைக்கு மாமாவைத்தான் நம்பியிருந்தான். ஆக, அசடு குருவாகிவிட்டது! தவறிப் பேசினால் தலையில் குட்ட ஆளில்லாத அசட்டைப் பார்த்து எத்தனை நாள் சிரிப்பது?

தனியே வந்தவர்கள் எல்லாருமே தோற்றார்கள் என்று நான் சொல்லவில்லை. 'சியர்ஸ்' என்ற பழைய தொடரில் மதுக்கடைக்கு வந்துபோன பிரேஸியர் என்ற மனோதத்துவ டாக்டர், 1993-இல் தனித் தொடராகி 264 பகுதிகள் நிமிர்ந்து நின்றார். ஆனால் அந்தப் படிப்புச் செருக்கனின் வீட்டில், ஓய்வுபெற்ற போலீஸ்காரத் தகப்பனாரைக் கொண்டுவந்து ஒரு பழைய நாற்காலியோடு உட்கார வைத்தார்கள். புத்திசாலித்தனம் என்றால் அது.

லெபிளாங்க்கும் பிற்பாடு தப்பித்துக்கொண்டார். 2011-இல் தொடங்கிய 'எபிஸோட்ஸ்' தொடரில், இரண்டு ஆங்கில எழுத்தாளர்களின் உயிரை வாங்குகிற லெபிளாங்க்காகத் தாமே வேஷம் கட்டி, அடுத்த வருஷம் கோல்டன் குளோப் பரிசும் வாங்கினார்.

கடமலைக்குண்டில் மறு வருஷம் முழு செட்டையும் கூப்பிட்டுவிட்டார்கள். பபூன் அன்று பிரமாதப்படுத்தினார். வள்ளி வந்ததும் இளவட்டங்கள் வழக்கம்போலத் தூங்கிப் போனார்கள்.