வாராக்கடன் ரோஜா

ஊட்டி ரோஜாப் பூங்காவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: முழங்கால் பத்திரம்! எல்க் மலைச் சரிவில் அடுக்கடுக்காக அமைத்திருக்கிறார்கள். 1995-ல், நூற்றாண்டு மலர்க் கண்காட்சியின் நினைவாக ஆரம்பித்த பூங்கா. 2006-ல் உலக ரோஜா சங்கங்களின் கூட்டமைப்பு இதற்கு விருது கொடுத்தது.

பெரிய பெரிய ரோஜாக்களை எல்லாம் சட்டை செய்யாமல் தாண்டிப் போன அம்மா, குட்டி ரோஜாப் பாத்தி முன்னால் நின்றுவிட்டாள். பூவே ஒரு ரூபாய்க் காசு சைஸ்தான். மொட்டு? சட்டைப் பித்தான்! அதனால்தான் நம்ம ஊரில் 'பட்டன் ரோஸ்'.

"இதுல ஒண்ணு வாங்கிக் குடுடா."

அப்பா போன பிறகு அம்மா கேட்ட முதல் பொருள். நான் கொஞ்சம் தயங்கினேன். புரிந்துகொண்டாள்.

"வெச்சுக்கக் கூடாதுன்னுதானே சொன்னாங்க? வளர்க்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே!"

ரோட்டோரக் கடையில் ஒரு செடி வாங்கினோம். கொண்டை ஊசி வளைவு முழுக்க அது அம்மா மடியில்தான்.

சென்னைக்கு வந்த பத்தே நாளில் பாதி இலை காலி. மீதி இலைக்கு அடியில் செம்பேன். நான் பி.காம். என் பாஷையில் இதற்குப் பெயர் வாராக்கடன். தள்ளுபடி செய்துவிடலாம் என்று குப்பைத்தொட்டிப் பக்கம் தூக்கிக்கொண்டு போனேன்.

"வைடா கீழே! ஊர் மாறினா யாருக்கும் கொஞ்ச நாள் வாடத்தான் செய்யும்."

கிராமத்து வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்தவள் சொன்னாள். நான் வாயைத் திறக்கவில்லை.

தொட்டியைக் கிழக்குப் பக்கம் நகர்த்தினாள். அங்கே காலை வெயில் தாராளம். மதிய வெயில் எட்டிப் பார்க்காது. காய்ந்த குச்சிகளை வெட்டினாள். தினமும் இலைக்கு அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சினாள், செம்பேன் ஒழிந்தது. ஒரு பச்சைக் குச்சியை மணலில் சொருகி வைத்தாள். ஒட்டுக் கட்டாமலே வேர் விடுகிற ஜாதி இது. ஆக, என் வாராக்கடன் இரண்டு தொட்டியாகிவிட்டது!

ஏழாவது வாரம் முதல் பூ. அம்மா அதைக் கிள்ளிக்கொண்டு அப்பா போட்டோவுக்கு வைக்கப் போனாள். என் மனைவி வழியிலேயே மறித்தாள்.

"மாமாவுக்கு அடுத்த பூ, அத்தே" என்று சொல்லி, வாங்கி, அம்மாவின் கொண்டையில் செருகிவிட்டாள்.

அம்மா கண்ணாடி பார்க்கவில்லை. பூவை எடுக்கவும் இல்லை.