மடித்துக் கொடுத்த ஆயிரம் ரூபா



2024 இல் வன்னியிலிருந்து சிறுதொழில் செய்யும் பன்னிரண்டு பெண்களை மலையகத்திற்கு அழைத்து வந்திருந்தோம். இரவு தங்குவதற்கு வட்டவளையில் ஒரு சிறிய விடுதி. வட்டவளை நான் பிறந்த ஊர். இலங்கையில் மழை மிக அதிகமாகப் பெய்யும் இடங்களில் ஒன்று. அன்றும் விடாத மழை.

எங்களுக்கு ஒதுக்கிய அறைகள் எல்லாமே மாடியில். படிகள் நனைந்து வழுக்கின. எங்களோடு வந்த அக்கா ஒருவர் போரில் ஒரு காலை இழந்து, செயற்கைக் காலுடன் நடப்பவர். வரவேற்பு மேசையில் கையெழுத்துப் போடும்போது, ஆயிரம் ரூபாத் தாளை மடித்து அங்கிருந்த தம்பியின் கையில் வைத்தேன். "கீழ ஒரு நல்ல ரூம் பாத்துக் குடுங்க தம்பி" என்றேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். கீழ்த்தளத்து அறைச் சாவி வந்தது. காரியத்தை முடித்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை.

இரவு செயற்கைக் காலைக் கழற்றிக்கொண்டே அக்கா கேட்டார்: "பிள்ளை, இந்த அறை முதலே சும்மாதானே கிடந்தது? உம்மட்ட அந்தக் காசு இல்லாட்டி நான் மேல ஏறியிருக்க வேணுமோ?"

எனக்குப் பதில் வரவில்லை. "இவருக்குப் படி ஏற முடியாது" என்ற ஒரு வார்த்தையைக்கூட நான் அந்தத் தம்பியிடம் சொல்லவில்லை. கேட்டுப் பார்க்காமலே காசை நீட்டியிருந்தேன்.

அந்தப் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது? நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் லயத்துக் காம்பரா ஒழுகியது. மழை இரவுகளில் சட்டி பானைகளை வைத்துத் தண்ணீர் பிடிப்போம். ஒருநாள் அப்பா, காம்பரா பிரித்துக் கொடுப்பவர் வீட்டுக்கு ஒரு சேவலைக் கொண்டுபோனார். அடுத்த வாரமே ஒழுகாத காம்பரா கிடைத்தது. எங்களுக்கு முன்பிருந்தே கேட்டுக்கொண்டிருந்த கைக்குழந்தைக்காரி, நாங்கள் விட்டுவந்த காம்பராவுக்கு வந்தாள். அவளிடம் சேவல் இல்லை. அன்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அவளை நான் நினைத்துப் பார்க்க இத்தனை வருடமாயிற்று.

நமது ஊரில் இதற்கும் "சந்தோஷம்" என்றுதான் பெயர். ஆனால் வேலை முடிந்தபின் மனம் நிறைந்து கொடுப்பது நன்றி. வேலை நடப்பதற்கு முன் மறைத்துக் கொடுப்பது, கொடுக்க முடியாதவளைப் பின்னால் தள்ளுவது. சகோதரிகளே, பெரும்பாலும் அப்படித் தள்ளப்படுகிறவர்கள் நாம்தான். காணி உறுதிக்கும், மரணச் சான்றிதழுக்கும், வீட்டுத் திட்டத்திற்கும் மேசை மேசையாக நின்றவர்கள் நாம். காசில்லாதவளிடம் வேறொன்றைக் கேட்கும் மேசைகளும் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும்.

2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம், பாலியல் இலஞ்சம் கேட்பதையும் குற்றமாக்கியிருக்கிறது. தனியார் துறையில் நடக்கும் இலஞ்சத்தையும் அது விடவில்லை. இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கு முறையிட 1954 என்ற இலக்கத்திற்கு அழைக்கலாம். நமது நாட்டின் பழைய இலஞ்சச் சட்டம் வந்த ஆண்டும் அதுதான், மறக்காது.

மறுநாள் காலை அக்காவே வரவேற்பு மேசைக்குப் போனார். இன்னொரு வயதான அம்மாவைக் காட்டி, "இவவுக்கு முழங்கால் ஏலாது தம்பி. இண்டைக்கு இரவுக்குக் கீழ ஒரு அறை தர ஏலுமே?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். அந்தத் தம்பி பதிவுப் புத்தகத்தைப் புரட்டினார். "இருக்கும்மா, தர்றேன்" என்றார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை.

புறப்படும் நாளில், அதிகாலையில் எழுந்து எங்களுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்த பெண்ணிடம் அக்கா நூறு ரூபாவை நீட்டினார். மடிக்காமல், எல்லோரும் பார்க்க.

சகோதரிகளே, அடுத்த முறை ஒரு மேசைக்கு முன்னால் நிற்கும்போது, கைப்பையைத் திறக்குமுன் வாயைத் திறப்போம்.